மிச்சிகன் மான் சீசன்: பரண் எங்கே கட்டுவது, காட்டை எப்போது போய்ப் பார்ப்பது?

கேன்டன்_வாசி
வணக்கம். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கியாயிற்று. அக்டோபர் 1-ஆம் தேதி வில் சீசன் திறக்கும்போது முதன்முறையாகக் காட்டில் உட்காரப் போகிறேன். கையில் இருப்பது கிராஸ்போ, விசையைத் தட்டி அம்பு எய்கிற வில்.

இடம் ஜாக்சன் கவுண்டி. என்னோடு வேலை பார்ப்பவருடைய குடும்ப நிலம், 40 ஏக்கர். வடக்குப் பாதி சோயா வயல். தெற்குப் பாதி ஓக் காடு, அதன் கடைசியில் சதுப்பு. சாலை கிழக்கு எல்லையை ஒட்டிப் போகிறது. போன வாரம் மாலையில் சாலையோரம் வண்டியை நிறுத்திப் பைனாகுலரில் பார்த்தேன். வெல்வெட் என்கிற மெல்லிய ரோமத்தோல் இன்னும் உரியாத கொம்போடு மூன்று ஆண் மான்கள் வயலின் வடமேற்கு மூலையில் ஒன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. அந்த மூலையில் ஒரு பெரிய மரம் நிற்கிறது. அதில் ஏணிப் பரண் கட்டிவிடலாம் என்று இருக்கிறேன். இப்போதே கட்டலாமா, செப்டம்பர் கடைசி வரை பொறுக்கலாமா?

ஜாக்சன்_காடு
வாங்க தம்பி. நல்ல நிலம் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த மூலை வேண்டாம். காரணத்தை விவரமாகவே சொல்கிறேன், அடுத்தடுத்த வருடங்களுக்கும் உதவும்.

ஆகஸ்டில் வயலில் பார்க்கிற ஆண் மான் கூட்டம் அக்டோபரில் அப்படியே இருக்காது. செப்டம்பர் தொடக்கத்தில் வெல்வெட் உரியும், கூட்டம் பிரியும், ஒவ்வொன்றும் தன் தன் இடத்துக்குப் போய்விடும். அதே நேரத்தில் சோயா இலை மஞ்சளாகிவிடும். மஞ்சளான பிறகு மானுக்கு அதில் ருசி இல்லை. ஓக் கொட்டை விழ ஆரம்பித்ததும் வயலை விட்டுவிட்டுக் காட்டுக்குள்ளேயே மேயும். கென்டக்கியில் வில் சீசன் செப்டம்பர் முதல் சனிக்கிழமையே திறந்துவிடுகிறது. அங்கே இருப்பவர் ஆகஸ்டில் பார்த்ததை நம்பிப் பரண் கட்டலாம். நமக்கு அக்டோபர் 1. அதற்குள் மானின் அன்றாடப் போக்கே மாறிவிடும்.

இரண்டாவது, இதுதான் முக்கியம்: மரத்தைத் தேடுவதற்கு முன்னால் நீங்கள் நடந்து போகிற வழியைத் தேடுங்கள். சாலை கிழக்கே. மரம் வடமேற்கே. அங்கே போக வயல் முழுவதையும் கடக்க வேண்டும். போய் உட்கார்ந்தாலும், இங்கே இலையுதிர் காலத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோதான் காற்று அடிக்கும். உங்கள் வாடை வயல் முழுக்கப் பரவி மான் வரும் பக்கமே போகும். சரி, அதையும் மீறி மான் வயலில் இறங்கிவிட்டது, இருட்டியும் விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படி இறங்கி வருவீர்கள்? வயலில் நிற்கிற பத்து மானும் உங்களைப் பார்க்கும். மறுநாளிலிருந்து அந்த மூலைக்கு இருட்டிய பிறகுதான் வரும்.

நான் என்றால் இப்படிச் செய்வேன். மான் பகலில் சதுப்பில் படுத்திருக்கும், மாலையில் ஓக் காடு வழியாக வடக்கே வரும். அந்தத் தடத்துக்குக் கிழக்குப் பக்கம், வயல் ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி மரம் பார்ப்பேன். மேற்குக் காற்றில் என் வாடை சாலைப் பக்கம் போய்விடும். கிழக்கு வேலி ஓரமாகவே வரலாம், போகலாம். காற்று கிழக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ அடிக்கும் நாளில் அந்த மரத்தில் ஏறவே மாட்டேன்.

வில்லாளி_லான்சிங்
அண்ணன் சொல்வது சரி. ஆனால் ஏணிப் பரணே எதற்கு? மரத்தோடு கட்டித் தொங்கியபடி உட்காரும் ஒரு சேடில், மரத்தில் கட்டி ஏறுகிற நாலு ஏறுகட்டை இருந்தால் போதும். தினம் காற்றைப் பார்த்து மரம் மாற்றலாம். ஒரு மரத்தில் முதல் தடவை உட்காரும்போது இருக்கிற வாய்ப்பு அப்புறம் எப்போதும் இருக்காது. அதே பரணில் திரும்பத் திரும்ப ஏறினால் பெரிய மான் அதைச் சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொள்ளும்.

ஜாக்சன்_காடு
தம்பி, உங்களைப் போலப் பொதுநிலத்தில் அலைகிறவருக்குச் சேடில் அருமை, மறுக்கவில்லை. ஆனால் இவர் இதுவரை மரத்தில் ஏறியதில்லை. இருட்டில், குளிரில், தடித்த உடையோடு தன் ஏறுகட்டையைத் தானே கட்டிக்கொண்டு மேலே போவது முதல் வருடத்தில் பழக வேண்டிய வேலை இல்லை. அகலமான தளம், கைப்பிடி, ஏறுவதற்கு நேரான ஏணி. இது போதும். திரும்பத் திரும்ப உட்கார்ந்தால் மான் உஷாராகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து காற்று சரியில்லாத நாளில் வீட்டில் இருப்பதுதான்.

கேன்டன் தம்பிக்கு: தனியார் நிலம் என்பதால் உரிமையாளர் சம்மதித்தால் இப்போதே கட்டலாம். ஆகஸ்டிலேயே கட்டி, அம்பு போக வேண்டிய திசையில் கிளைகளை வெட்டிவிடுங்கள். அக்டோபருக்குள் மானுக்கு அது பழகிவிடும். வெட்டுவதற்கு முன் நிலத்துக்காரரிடம் எந்தக் கிளை என்று காட்டிக் கேளுங்கள். ஓக் மரத்தை மட்டும் இப்போது காயப்படுத்தாமல் விட முடிந்தால் நல்லது. வெப்ப மாதங்களில் வெட்டுக்காயம் வழியாக ஓக் வாடல் நோய் பரவும். மேப்பிள், செர்ரி கிளைகளை வெட்டலாம்.

அப்புறம் எந்த மரம் என்பது. சாம்பல் மரத்தில் கட்டவே கூடாது. இங்கே ஆஷ் என்பார்கள். ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை வண்டு 2002-இல் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே நம் டெட்ராய்ட் பக்கத்தில்தான். தென் மிச்சிகனில் பெரிய ஆஷ் மரங்கள் அநேகமாக எல்லாம் செத்துவிட்டன. நேராக, உயரமாக, பரணுக்கென்றே வளர்ந்தது போல நிற்கும். உள்ளே கட்டை மொறுமொறு என்று உடைகிற பதத்தில் இருக்கும். பட்டையைக் கிட்டத்தில் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாக, ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால் தள்ளிப் போய்விடுங்கள். உயிருள்ள ஓக், மேப்பிள், ஹிக்கரி பாருங்கள். ஓக்கில் இன்னொரு வசதி: நவம்பரிலும் பழுத்த இலை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்ற மரங்கள் மொட்டையானபின் உங்கள் உருவம் வானத்தில் தனியாகத் தெரியாது.

கேன்டன்_வாசி
அண்ணா, மிக்க நன்றி. ஓக் காடு என்றேனே, அதில் எந்த ஓக் என்று எனக்குத் தெரியாது. வித்தியாசம் உண்டா?

ஜாக்சன்_காடு
நிறைய உண்டு. இலையின் ஓரம் விரல்நுனி போல உருண்டு இருந்தால் வெள்ளை ஓக் வகை. கூராக, நுனியில் முள் போல நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்பு ஓக் வகை. வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு. மான் முதலில் அதைத்தான் தேடி வரும். அது ஒரே பருவத்தில் முற்றிச் செப்டம்பர், அக்டோபரில் விழும். சிவப்பு ஓக் கொட்டை முற்ற இரண்டு பருவம் பிடிக்கும், துவர்ப்பு அதிகம். வெள்ளை தீர்ந்த பிறகு குளிர்காலத்தில் அதைத் தின்னும்.

இப்போது ஆகஸ்டிலேயே பைனாகுலரை வயலுக்குப் பதிலாக மரத்தின் உச்சிக்குத் திருப்புங்கள். எல்லா வெள்ளை ஓக்கும் எல்லா வருடமும் காய்ப்பதில்லை. இந்த வருடம் காய்த்திருக்கிற மரம் எது என்று குறித்து வைத்துக்கொண்டால் அக்டோபர் முதல் வாரத்தில் மான் எங்கே நிற்கும் என்பது பாதி தெரிந்த மாதிரி.

மேடிசன்_விஸ்கான்சின்
பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு வார்த்தை. காட்டைப் போய்ப் பார்க்க உண்மையான காலம் ஆகஸ்ட் இல்லை. பனி உருகும் மார்ச். போன நவம்பரில் கொம்பு தேய்த்த மரம், கால்களால் மண்ணைப் பிறாண்டிய இடம், ஓடி ஓடித் தேய்ந்த தடம் எல்லாம் இலை துளிர்ப்பதற்கு முன் அப்படியே தெரியும். சதுப்புக்குள் மான் படுக்கிற இடம் வரைக்கும் போய்ப் பார்க்கலாம். சீசனுக்கு ஏழு மாதம் இருப்பதால் மான் அதை மறந்துவிடும். உதிர்ந்த கொம்பு கிடைத்தால் எந்த ஆண் மான் சீசனைத் தாண்டிப் பிழைத்தது என்றும் தெரிந்துவிடும்.

ஆகஸ்டில் போவதென்றால் ஒரே ஒரு தடவை, நடுப்பகலில், மழைக்கு முந்திய நாளாகப் பார்த்து, ரப்பர் பூட்ஸ் போட்டுப் போங்கள். பரண் கட்டும் வேலையையும் அன்றே முடித்துவிடுங்கள். சதுப்புப் பக்கம் எட்டியும் பார்க்க வேண்டாம்.

ரோசெஸ்டர்_ஹில்ஸ்
மக்காச்சோளம் ஒரு மூட்டை கொட்டிவிட்டால் மான் தானாக வரும். இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? கடையில் குவித்து வைத்திருக்கிறார்களே.

ஜாக்சன்_காடு
வேண்டாம் சார். மிச்சிகனின் கீழ்த் தீபகற்பம் முழுக்க (நம் ஜாக்சனும் அதில்தான்) 2019 ஜனவரி 31 முதல் மானுக்கு இரை போடுவது தடை. உப்புக் கட்டியும் அதில் அடங்கும். கடையில் விற்கிறார்கள் என்பதற்காகச் சட்டப்படி ஆகிவிடாது. காரணமும் நியாயமானது. மானை மெலிய வைத்துக் கொல்கிற க்ரானிக் வேஸ்டிங் நோய் எச்சில், சிறுநீர் வழியாகப் பரவுகிறது. நம் மாநிலத்துக் காட்டு மானில் 2015-இல் லான்சிங் பக்கம் முதன்முதலாகக் கண்டார்கள். ஒரே குவியலில் இருபது மான் வாய் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஓக் மரம் தானாகக் கொட்டுவதைத் தின்ன வருகிற மானுக்காகக் காத்திருப்பதில்தான் வேட்டையே இருக்கிறது.

மேடிசன்_விஸ்கான்சின்
அழுத்தமாக வழிமொழிகிறேன். எங்கள் ஊரில் அந்த நோயை 2002-இல் கண்டுபிடித்தார்கள். தெற்கு விஸ்கான்சினில் இன்று அது இல்லாத இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. பரிசோதனைக்குத் தலையைக் கொடுக்காமல் நாங்கள் கறியைச் சமைப்பதில்லை.

செவிலி_ஆன்ஆர்பர்
எல்லோரும் மானைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் மனிதரைப் பற்றிப் பேச வந்தேன். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் கணவரும் வேட்டைக்குப் போகிறவர், நானும் போகிறேன். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மரத்திலிருந்து விழுந்தவர்களைப் பார்க்கிறோம். இடுப்பு, முதுகுத்தண்டு. பதினைந்து அடி என்பது வீட்டுக் கூரை உயரம்.

பரணில் தூங்கி விழுகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஏறும்போது, இறங்கும்போது, ஏணியிலிருந்து தளத்துக்குக் கால் மாற்றும்போதுதான் விழுகிறார்கள். மேலே போய் உட்கார்ந்த பிறகு ஹார்னெஸை, அதாவது உடம்போடு கட்டுகிற பாதுகாப்பு வாரை, மரத்தில் மாட்டுவதால் பாதிப் பயன்கூட இல்லை. தரையை விட்டுக் கால் எழும்புவதற்கு முன்பே மாட்டியிருக்க வேண்டும்.

அதற்கு உயிர்க்கயிறு என்று ஒன்று விற்கிறது. தளத்துக்கு மேலே, தலைக்கு மேல் உயரத்தில் மரத்தைச் சுற்றிக் கட்டி, அடிமரம் வரை தொங்கவிடுவது. அதில் மெல்லிய கயிற்றால் ஒரு ப்ரூசிக் முடிச்சு சுற்றியிருக்கும். கையால் தள்ளினால் மேலே வழுக்கிப் போகும். திடீரென்று எடை விழுந்தால் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் அந்த முடிச்சைத் தலைக்கு மேலே தள்ளிக்கொண்டே போங்கள். முடிச்சு இடுப்புக்குக் கீழே இருந்தால் விழுகிற தூரம் கூடும்.

கேன்டன் தம்பி, இதைக் கவனியுங்கள்: ஏணிப் பரணில் ஆபத்தான நேரம் கட்டுகிற நாள். ஏணியை மரத்தில் சாய்த்தாயிற்று, மேல் வார் இன்னும் கட்டவில்லை, அதைக் கட்ட ஒருவர் ஏற வேண்டும். அந்த ஐந்து நிமிடம். மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் ஏணியை மரத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும், ஒருவர் ஏற வேண்டும். ஏறுகிறவர் மரத்தைச் சுற்றி இடுப்புக் கயிறு போட்டு, ஹார்னெஸை அதில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். தனியாகப் போகவே போகாதீர்கள்.

கேன்டன்_வாசி
அக்கா, ஹார்னெஸ் போட்டிருந்து விழுந்தால் தொங்கிக்கொண்டிருப்போம். அப்புறம்?

செவிலி_ஆன்ஆர்பர்
நல்ல கேள்வி. தொடை வார் இறுக்கிப் பிடிக்க அசையாமல் தொங்கினால் காலில் இரத்தம் தேங்கும். சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அதனால் ஹார்னெஸோடு வருகிற நிவாரண வாரைக் கைக்கு எட்டும் பையில் வைத்திருங்கள். அதில் ஒரு வளையம் செய்து காலை வைத்து எழுந்து நின்றால் எடை காலுக்கு மாறும். அது இல்லையென்றால் காலை ஆட்டுங்கள், மரத்தை உதையுங்கள். போன் மார்புப் பையில் இருக்க வேண்டும், முதுகுப்பையில் இருந்தால் எட்டாது. எந்த மரம், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், முடிந்தால் வரைபடத்தில் புள்ளி வைத்து அனுப்புங்கள்.

கிராஸ்போவைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற வேண்டாம். நீங்கள் மேலே போய் உட்கார்ந்த பிறகு, அம்பு பூட்டாத நிலையில் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள்.

வில்லாளி_லான்சிங்
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரணை மரத்தோடு இறுக்கிக் கட்டுகிற ராட்செட் வார் வருடம் முழுக்க வெளியில் கிடந்தால் அதை நம்பாதீர்கள். வெயில் நூலை உள்ளிருந்தே அரிக்கும், பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். மரமும் பருத்துக்கொண்டே போகும், வார் பட்டைக்குள் புதைந்து வீணைத் தந்தி மாதிரி விறைத்து நிற்கும். சீசன் முடிந்ததும் அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டு வந்து, அடுத்த ஆகஸ்டில் புது வார் போடுவது நல்லது.

பொதுநிலத்துக்குப் போகிறவர்களுக்காக விதிகளையும் சொல்லிவிடுகிறேன். வாட்டர்லூ பொதுநிலத்துப் பக்கம் போகிற நம் ஆட்கள் சிலர் உண்டு. மிச்சிகன் பொதுநிலத்தில் செப்டம்பர் 1-க்கு முன் பரண் வைக்கக் கூடாது, மார்ச் 1-க்குள் எடுத்துவிட வேண்டும். கீழே நின்று படிக்கும்படி பெயர், முகவரி அல்லது ஓட்டுநர் உரிம எண் எழுதியிருக்க வேண்டும். ஆணி, திருகுப் படி கூடாது. கிளை வெட்டக் கூடாது. விதிக்கு மாறாக வேறு யாரோ வைத்த பரணில் நீங்கள் உட்கார்ந்தாலும் குற்றம் உங்கள் மேல்தான்.

மேடிசன்_விஸ்கான்சின்
இங்கே தெற்குப் பகுதி மாநில நிலத்தில் பரணை இரவு விட்டுவிட்டு வரவே முடியாது. அன்றன்றைக்கு அவிழ்த்து எடுத்து வர வேண்டும். மாநில எல்லை தாண்டினால் விதிப் புத்தகத்தைப் புதிதாகப் படியுங்கள்.

நோவை_புதியவன்
தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். எனக்கு இதெல்லாம் அனுமதியா?

வில்லாளி_லான்சிங்
நம்மவர்கள் பலர் கேட்கத் தயங்குகிற கேள்வி. துப்பாக்கி விஷயத்தில் ஃபெடரல் சட்டம் கறார். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. வில்லும் கிராஸ்போவும் ஃபெடரல் சட்டத்தில் துப்பாக்கியே அல்ல, அதனால் பலர் அதில் தொடங்குகிறார்கள். துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இணையத்தில் நான் சொன்னேன் என்று போகாதீர்கள்.

சேலத்துக்காரன்
ஊரிலிருந்து வாசிக்கிறேன். இங்கே 1972 வனவிலங்குச் சட்டத்தின் கீழ் மானை வேட்டையாடினால் சிறை. அங்கே அரசே உரிமம் கொடுப்பது ஆச்சரியமாக இருக்கிறது. மான் அழிந்துவிடாதா?

ஜாக்சன்_காடு
நேர்மையான கேள்வி, தம்பி. அங்கே அந்தச் சட்டம் தேவை, அது இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். இங்கே நிலைமை வேறு. இந்த வெள்ளைவால் மானும் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சந்தைக்காக வரைமுறையில்லாமல் சுட்டதில் பல மாநிலங்களில் அருகிப் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் சீசன், உரிமம், எண்ணிக்கை வரம்பு எல்லாம் கறாராக வந்தன. 1937-இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீது 11 சதவீத வரி, பின்னாளில் வில், அம்புக்கும் வந்தது. அந்தப் பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே போகிறது. இன்று தென் மிச்சிகனில் ஓநாய் இல்லை, மான் பெருகிப் பயிரையும் இளங்கன்றுகளையும் மேய்கிறது, சாலையில் அடிபட்டும் சாகிறது. ஒவ்வொரு மானையும் 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்கை வைத்துத்தான் அடுத்த வருட வரம்பு.

கேன்டன்_வாசி
நேற்று நிலத்துக்குப் போய் வந்தேன். நிலத்துக்காரரும் அவர் அண்ணனும் வந்திருந்தார்கள். நடுப்பகலில், கிழக்கு வேலி ஓரமாகவே நடந்தோம். உருண்டை ஓரம் உள்ள இலைகளோடு பெரிய ஓக் ஐந்தாறு நிற்கின்றன, இரண்டில் காய் நன்றாகத் தெரிகிறது. அவற்றுக்கு மேற்கே ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்குப் புல் மடிந்து தடம், ஈரமான புழுக்கை. பரணை அங்கேயே ஒரு மேப்பிளில், பதினைந்து அடியில், மூவருமாகக் கட்டினோம். உயிர்க்கயிறு தொங்கவிட்டாயிற்று. முடிச்சைத் தள்ளிக்கொண்டு மேலும் கீழும் ஏறிப் பழகினேன். வடமேற்கு மூலை மரத்தையும் தூரத்திலிருந்து பார்த்தேன். ஆஷ்தான். பட்டை உரிந்து தொங்குகிறது.

வீட்டுக்கு வந்து குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி ஊர்ந்தது.

செவிலி_ஆன்ஆர்பர்
கடிப்பதற்கு முன் பார்த்தது நல்லது. கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும், வளர்ந்த உண்ணிகள் அக்டோபர், நவம்பரில்தான் அதிகம் நடமாடும். உடைகளுக்கு மட்டும் பெர்மெத்ரின் அடித்துக் காயவைத்துப் போடுங்கள், தோலில் படக் கூடாது. வீடு திரும்பியதும் அக்குள், இடுப்பு, தலைமுடிக்குள் தேடுங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம்.

ஜாக்சன்_காடு
அருமை தம்பி. இனி அக்டோபர் வரை அந்தக் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். கேமரா வைப்பதானால் வயல் ஓரத்தில், படத்தைப் போனுக்கு அனுப்புகிற வகையாக ஒன்றே ஒன்று.

செய்ய வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. உங்கள் சாலையோரத்தில் மில்க்வீட் நிற்கும். நம் எருக்கின் குடும்பம்தான். செப்டம்பர் கடைசியில் காய் முற்றும்போது நாலைந்து பறித்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். பரணில் உட்கார்ந்ததும் ஒரு பஞ்சை விடுங்கள், கண்ணால் தொடருங்கள். கடையில் விற்கிற பொடி இரண்டு எட்டு தூரம் போய்க் கலைந்துவிடும். பஞ்சு ஐம்பது கஜம் வரை மிதந்துகொண்டே தெரியும். மேற்குக் காற்று என்று போன் சொல்லும். பஞ்சு கிழக்கே போய், வேலி ஓரத்தில் தயங்கி, மரத்தைச் சுற்றித் தெற்கே திரும்பிச் சதுப்புக்குள் இறங்குவதைப் பார்ப்பீர்கள். பொழுது சாயும்போது குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி வழியும், காலையில் வெயில் ஏறிய பிறகு மேலே எழும்பும். அந்த இடத்துக்கு அந்த வேளையில் காற்று என்ன செய்கிறது என்று எந்தச் செயலியும் சொல்லாது. பஞ்சு சதுப்புப் பக்கம் போகிற மாலையில் சத்தமில்லாமல் இறங்கி வந்துவிடுங்கள்.

கேன்டன்_வாசி
சாலையோரத்திலேயே நிறைய நிற்கிறது அண்ணா, காய் இன்னும் பச்சை. இருட்டிய பிறகு வயலில் மான் நின்றால் எப்படி வெளியே வருவது என்று நிலத்துக்காரரிடம் கேட்டேன். குறுஞ்செய்தி அனுப்பினால் தன் டிரக்கை வயல் ஓரம் வரை ஓட்டி வருவதாகச் சொன்னார். தினம் அந்த வண்டியைப் பார்க்கிற மான் வண்டிக்காக விலகும், மரத்தைச் சந்தேகிக்காது என்கிறார்.

ஜாக்சன்_காடு
அவர் விவரம் தெரிந்தவர். அவரை விடாதீர்கள். நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கி சீசனில் கிராஸ்போவோடு போனாலும் ஆரஞ்சு உடை கட்டாயம், அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே சதுப்பு யாருடையது என்றும் கேளுங்கள். அம்பு பட்ட மான் அநேகமாக அங்கேதான் ஓடும். வேலி தாண்டிவிட்டால் அடுத்தவர் அனுமதி இல்லாமல் தேடிப் போகக் கூடாது, மான் கண்ணெதிரே விழுந்து கிடந்தாலும் கூடாது. இரவு ஒன்பது மணிக்கு முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுவதைவிட இப்போதே போய் அறிமுகம் செய்துகொண்டு தொலைபேசி எண் வாங்கி வைப்பது நல்லது.

கேன்டன்_வாசி
சதுப்பின் பாதி தெற்குப் பக்கத்துப் பண்ணைக்காரருடையதாம். இவரே கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்து வைக்கிறேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.